செமாபோக் வரை போன ஊர்சுற்றி

பேருந்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. என் வலது கைக்குள் பாதி எலுமிச்சம்பழம். வெளியே தெரியாதபடி கைக்குட்டையால் மூடியிருந்தேன். புது பெயிண்ட் வாசம், டீசல் புகை, யாரோ கட்டிக்கொண்டு வந்த நாசி லெமாக் சோற்றின் வாழையிலை வாசம், மூன்றும் சேர்ந்து அப்போதே என் வயிற்றோடு வம்பு செய்யத் தொடங்கியிருந்தன.

சுற்றிலும் முப்பது, முப்பத்தைந்து பேர் இருப்பார்கள். குடும்பம் குடும்பமாக, தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாணத்துக்குக் கிளம்பியவர்கள் மாதிரி நின்றார்கள். எல்லோரும் ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மலாக்கா டவுனில் தையல் கடை வைத்திருந்த ஒருவர் என்னிடமே வந்து, ஊர்சுற்றி ஐயா வந்துவிட்டாரா, பார்த்தால் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று கேட்டார். இதோ வந்துவிடுவார் என்று சொன்னேன்.

ஊர்சுற்றி ஐயா நான்தான். எழுதியே மாதச் சம்பளம் வாங்கிய ஒரே காலம் என் வாழ்க்கையில் அதுதான் என்பதால், அதைப் பற்றி முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

மாசாமாசம் வருமா?

அப்போது எனக்கு இருபது வயது இருக்கும். நாடு கைமாறப் போகிறது என்று கோப்பிக் கடை தோறும் பேச்சு. மலாக்கா டவுனை ஒட்டிய காஜா பெராங்கில், எங்கள் வீட்டில் மட்டும் அதைவிடப் பெரிய விஷயமாக என் கல்யாணம் இருந்தது.

மாப்பிள்ளை ஓர் எஸ்டேட்டில் கிராணி, கணக்கு எழுதுகிற வேலை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆசிரியர் பயிற்சிக்கான பரீட்சை எழுத எனக்கு இரண்டு வருடம் வேண்டியிருந்தது. அதோடு அந்த எஸ்டேட்டுக்குப் போகும் சாலையில் எத்தனை வளைவுகள் என்று விசாரித்து வைத்திருந்தேன். நல்ல சேதி கிடைக்கவில்லை.

இரண்டு வருடம் பொறுக்கலாம் என்றார் அப்பா. அம்மாவுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. கேட்கிறவர்களிடம் பெண் வேலை பார்க்கிறாள் என்று சொல்ல வேண்டும்.

"மாசாமாசம் கையில வரணும். வந்தா வருது, வராட்டிப் போவுதுங்கிறதெல்லாம் வேலையா?" என்றார்.

அந்தக் குத்தல் எனக்குத்தான். கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு வார இதழில், பெண்கள் பக்கத்தில், என் கட்டுரைகள் இரண்டு வந்திருந்தன. அதற்குச் சன்மானமாக இரண்டு இதழ்களை இலவசமாக அனுப்பியிருந்தார்கள். அம்மா அவற்றை அலமாரியில் விரித்து, மேலே மசாலா டப்பாக்களை அடுக்கியிருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் காதர் முதலாளி வந்தார். மூன்று பேருந்துகளுக்குச் சொந்தக்காரர். பேருந்து லைசென்ஸ் விவகாரங்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டி வந்தால் சாயங்காலங்களில் அப்பாவிடம் வருவார். அன்றைக்கு அவருக்கு ஒரு வருத்தம். அதே வார இதழில் கால் பக்கம் விலைக்கு வாங்கி, வாராவாரம் தன் பேருந்தின் படத்தைப் போட்டுவந்தார். ஒரே பேருந்தை எத்தனை வாரம்தான் பார்ப்பார்கள், படிக்கிற மாதிரி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று இதழின் ஆசிரியர் சொல்லியனுப்பிவிட்டாராம்.

அப்பா என்னைக் கைகாட்டினார். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"நாடு நம்ம கைக்கு வரப்போவுது. அதுல என்னா இருக்குன்னு சனங்களுக்குத் தெரிய வேணாமா? வாரம் ஓர் ஊரப் பத்தி எழுதும்மா. அஞ்சு வெள்ளி தர்றேன்."

விதிகளையும் சொன்னார். ஊர் அவருடைய பேருந்து போகும் வழியில் இருக்க வேண்டும். பேருந்தின் பெயர் இரண்டு தடவை வர வேண்டும். மழை பெய்யக் கூடாது. சாலை வளைவதாக எழுதவே கூடாது.

வெள்ளி என்பது எங்கள் நாட்டுப் பணம். வாரம் ஐந்து என்றால் மாதத்துக்கு இருபது. சில மாதங்களில் ஐந்து ஞாயிறு வரும் என்பதை அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். கிராணி வீட்டுக்கு, பெண் வேலைக்குப் போகிறாள், கொஞ்ச நாள் ஆகட்டும் என்று சொல்லி அனுப்பப்பட்டது.

இத்தனை பேச்சிலும் ஒரு விஷயத்தை யாரும் முதலாளியிடம் சொல்லவில்லை. எனக்குப் பேருந்து ஒத்துக்கொள்ளாது.

அத்தையின் பட்டுச்சேலை

ஒத்துக்கொள்ளாது என்றால் சும்மா தலைவலி என்று நினைத்துவிடாதீர்கள். ஏறி உட்கார்ந்து கால் மணி நேரத்தில் நாக்குக்கு அடியில் தண்ணீர் ஊறும். காது அடைக்கும். அப்புறம் நடப்பது என் கையில் இல்லை.

ஏழெட்டு வயதில் மூவாரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். என்னை அத்தையின் மடியில் உட்கார வைத்திருந்தார்கள். அத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாக உடுத்திய கத்தரிப்பூ நிறப் பட்டுச்சேலை. அந்தச் சேலையைப் பற்றி மேலே சொல்ல வேண்டியதில்லை. அத்தை தனக்குப் பிள்ளை பிறக்கும்வரை என்னோடு பேசவில்லை. பிள்ளை பிறந்த பிறகு, துணி கெடுவது அவருக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது.

அதிலிருந்து நான் நடந்து போகிற தூரத்தில் வாழப் பழகினேன். பள்ளிக்கூடம், கோயில், பாசார், எல்லாம் நடை. மிஞ்சினால் பெச்சா. திறந்த வண்டி, மிதிக்கிறவர் மூச்சுவிடும் வேகம், எனக்கு அதுதான் ஒத்துவந்தது.

ஆக, மலாக்கா மாநிலத்தின் ஊர்களைப் பற்றி வாராவாரம் எழுத ஒப்புக்கொண்டவள், அந்த ஊர்களில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. மூவாருக்குப் போன வழியிலாவது ஒன்றிரண்டைப் பார்த்திருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

மாக் லெச்சுமி

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி கம்போங் செட்டி என்ற குடியிருப்பு தொடங்கும். அங்கே மூன்றாவது வீடு மாக் லெச்சுமியுடையது. 'மாக்' என்றால் மலாயில் அம்மா. பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிவிட்ட இந்தச் செட்டிகளுக்குப் பெயர் நம் பெயர், சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். மாக் லெச்சுமி நெற்றியில் திருநீறும் உடம்பில் மலாய்ப் பெண்கள் போடும் கெபாயாச் சட்டையுமாக இருப்பார். அவருக்குத் தெரிந்த தமிழ் சாமி கும்பிடவும் சமையல் சாமான் வாங்கவும் போதும்.

அவருக்குத் தொழில் மணப்பெண் அலங்காரம். செட்டி வீடு, சீனத்து நோஞ்ஞா வீடு, நம்மவர் வீடு என்று எந்தக் கல்யாணமானாலும் அவரைக் கூப்பிடுவார்கள். அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ், தஞ்சோங் கிளிங் என்று அவர் போகாத ஊரில்லை. நான் அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்து கேட்பேன். அவர் கெபாயாவுக்குப் பூவேலை தைத்தபடியே சொல்வார்.

ஒரு சிக்கல். அவர் ஊர்களைக் கல்யாணங்களாகத்தான் ஞாபகம் வைத்திருந்தார். மெர்லிமாவ் எப்படி இருக்கும் என்று கேட்டால், பெண்ணுக்கு முகம் அகலம், பவுடர் இரண்டு டப்பா ஆயிற்று என்பார். கடல்? இருந்தது, சமையலறைக்குப் பின்பக்கம், நாற்றம். நான் வீட்டுக்கு வந்து, 'அடுப்படியில் நிற்கும் பெண்ணையும் அலை கூப்பிட்டுப் பேசும் ஊர் மெர்லிமாவ்' என்று எழுதுவேன்.

இதழ் வந்ததும் எடுத்துக்கொண்டு போய், நான் எழுதியதை மலாயில் அவருக்குச் சொல்ல வேண்டும். அவர் திருத்துவார். நிலாவென்று நான் சொல்லவே இல்லையே, நான் போனது பகலில் அல்லவா என்பார். தென்னைமரங்கள் தலையாட்டி வரவேற்றனவா, எந்தத் தென்னைமரம் என்பார். அந்தத் திருத்தங்களால் என் எழுத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தமாயிற்று என்பதை இப்போது உணர்கிறேன். அப்போது எரிச்சலாக இருந்தது.

ஒன்றை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. இதற்காக எனக்கு வாரம் ஐந்து வெள்ளி வருகிறது என்பதை. மறைக்க வேண்டும் என்று திட்டம் போடவில்லை. முதல் வாரம் சொல்ல வாய்ப்பு அமையவில்லை. பத்தாவது வாரம் சொல்வதற்கு முகமில்லை.

ஐயா அவர்களுக்கு

வாசகர் கடிதங்கள் வரத் தொடங்கின. எல்லாம் 'ஊர்சுற்றி ஐயா அவர்களுக்கு' என்றுதான் வரும். பெண்ணின் பெயரில் ஊர் சுற்றினால் நன்றாக இருக்காது என்று அந்தப் புனைபெயரை அப்பாதான் வைத்தார். ஒருவர், ஐயா இந்த வயதிலும் இவ்வளவு அலைகிறீர்களே, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். எனக்கு எத்தனை வயது என்று நினைத்தாரோ தெரியாது.

பேருந்துகளில் கூட்டம் ஏறியது. முதலாளிக்கு அதில் ஒரு யோசனை உதித்தது. என்னிடம் கேட்காமலே இதழில் அறிவிப்புப் போட்டுவிட்டார். ஜாசின் போகும் வழியில் பெம்பான் வெந்நீர் ஊற்றுக்கு ஒரு நாள் உல்லாசப் பயணம். ஊற்று நீரில் முட்டை வேகவைத்துச் சாப்பிடலாம். கூடவே ஊர்சுற்றியும் வருகிறார்.

அறிவிப்பைப் படித்த அன்றே எனக்கு நாக்குக்கு அடியில் தண்ணீர் ஊறிவிட்டது.

முதலாளியிடம் உண்மையைச் சொல்லலாம்தான். சொன்னால் எழுதுகிற வேலை போகும். வேலை போனால் கிராணி வீட்டுக்கு ஆள் போகும். நான் மாக் லெச்சுமியிடம் ஓடினேன். நீ வா, நானும் வருகிறேன், நீ வாயைத் திறக்க முடியாவிட்டால் நான் பேசிக்கொள்கிறேன் என்று அவர் சர்வசாதாரணமாகச் சொன்னார்.

செமாபோக்

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

முதலாளி வந்து, எல்லோருக்கும் முன்னால் என்னைக் காட்டி, இவர்தான் ஊர்சுற்றி என்றார். கூட்டம் என் பின்னால் யாராவது நிற்கிறாரா என்று பார்த்தது. பிறகு சில பெண்கள் சிரித்தார்கள், நல்ல மாதிரியான சிரிப்பு. தையல்கடைக்காரர் மட்டும், இதோ வந்துவிடுவார் என்று நான் சொன்னதை நினைத்துக்கொண்டு நின்றார்.

எனக்கு மரியாதை செய்வதாக நினைத்து முதலாளி முன் இருக்கையைக் கொடுத்தார். என்ஜின் சூடு நேராகக் காலில் ஏறும் இடம். மாக் லெச்சுமி பக்கத்தில் உட்கார்ந்தார். டவுனைத் தாண்டும்வரை எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி சமாளித்தேன். பின்னால் யாரோ, ஊர்சுற்றி ஏதாவது பேசட்டுமே என்று கேட்டார்கள். எழுந்து நின்றேன். இரண்டு பக்கமும் தெரியும் அழகைப் பாருங்கள் என்று தொடங்கும்போதே காது அடைத்துவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்ட நேரம் இருந்தது. அதற்கு மேல் நேரம் இல்லை. முதல் நாள்தான் பெயிண்ட் அடித்து எழுதிய முதலாளியின் பெயர் அந்த ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது.

பேருந்து செமாபோக்கில் சாலையோரத்து ஒட்டுக்கடை ஒன்றின் பக்கத்தில் நின்றது. மலாக்காவிலிருந்து செமாபோக் என்ன தூரம் என்று தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம். சைக்கிளில் போய்த் திரும்புகிற தூரம். இறங்கி ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன்.

ஜன்னல் வழியாகத் தையல்கடைக்காரர் சொன்னது நன்றாகக் கேட்டது.

"ஊரச் சுத்துவாருன்னு வந்தோம். தலையில்ல சுத்துது."

பேருந்தே சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, உடம்புக்கு என்ன என்று கேட்டார். இதற்கு மேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பேருந்து ஒத்துக்கொள்ளாது, இதுவரை எழுதிய எந்த ஊரையும் நான் பார்த்ததில்லை, எல்லாம் இவர் பார்த்துச் சொன்னது என்று மாக் லெச்சுமியைக் காட்டினேன்.

முதலாளி நம்பாமல் அவர் பக்கம் திரும்பினார். அவருக்கும் புரியட்டும் என்று மலாயில் கேட்டார். நான் இந்தப் பெண்ணுக்கு வாராவாரம் கொடுத்த ஐந்து வெள்ளியும் நீங்கள் பார்த்துவிட்டு வந்ததற்கா?

மாக் லெச்சுமி அதுவரை என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"லீமா ரிங்கிட்?" என்றார் என்னைப் பார்த்து.

ஐந்து வெள்ளியா என்பது மட்டும்தான் கேள்வி. நான் தலையை ஆட்டினேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். கெபாயாவை நேராக்கிக்கொண்டு, நானே இவர்களைக் கூட்டிப்போகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறி, நான் இருந்த இடத்தில் உட்கார்ந்தார். ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. பேருந்து பெம்பானை நோக்கிப் போயிற்று.

நான் பெச்சா பிடித்து வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் நல்ல காற்று. குமட்டல் போய்விட்டது. ஆனால் அழுகையாக வந்தது.

சொல்ல ஆளில்லை

செவ்வாய்க்கிழமை கட்டுரையைத் தபாலில் சேர்க்க வேண்டும். பெம்பான் பயணத்தைப் பற்றி எழுத வேண்டும் என்பது முதலாளி முன்பே சொல்லியிருந்தது. பெம்பானுக்குப் போன ஊர்சுற்றி செமாபோக்கில் இறங்கிவிட்டார். போய்வந்தவரோ என்னோடு பேசவில்லை. திங்கட்கிழமை அவர் வீட்டுப் பக்கம் இரண்டு தடவை நடந்தேன். இரண்டு தடவையும் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. படியேற எனக்குத் துணிச்சல் வரவில்லை.

வெந்நீர் ஊற்றை நானே கற்பனை செய்து எழுதியிருக்கலாம். ஆவி பறக்கும், முட்டை வேகும், பெரிய வேலை இல்லை. உட்கார்ந்தும் பார்த்தேன். ஆவி என்று எழுதியதுமே, எந்த ஆவி, நீ பார்த்தாயா என்று மாக் லெச்சுமியின் குரல் கேட்டது. கிழித்துப் போட்டேன்.

அப்புறம் ஒரே மூச்சில் வேறொன்று எழுதினேன். 'இந்த வாரம் ஊர்சுற்றி செமாபோக் வரை போனார்' என்று தொடங்கியது. வாந்தியை எழுதினேன். இதுவரை வந்த ஊர்களையெல்லாம் பார்த்தவர் காஜா பெராங் லெச்சுமி என்றும், எனக்குக் கிடைத்த பணத்தைப் பற்றி அவரிடம் வாய் திறக்காமல் இருந்தேன் என்றும் எழுதினேன். விதிப்படி பேருந்தின் பெயர் இரண்டு தடவை வந்தது. முதல் தடவை அது எவ்வளவு சுத்தமாக இருந்தது என்பதற்கு. இரண்டாம் தடவை அது யாரால் அழுக்காயிற்று என்பதற்கு.

அப்பாவிடம் காட்டாமல் தபாலில் சேர்த்தேன்.

இதழ் வெளிவந்த அன்று சாயங்காலம் முதலாளி வந்தார். கையில் இதழ் நான்காக மடிந்திருந்தது. அடுப்படியில் அம்மியின் சத்தம் நின்றது. ஒத்துக்கொள்ளாது என்று முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்றார் முதலாளி.

"சொல்லியிருந்தா குடுத்திருப்பீங்களா மொதலாளி?"

அவர் நிஜமாகவே யோசித்தார்.

"குடுத்திருக்க மாட்டேன்."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விஷயத்துக்கு வந்தார். பெம்பானில் அந்த அம்மா ஆட்களைச் சிரிக்கச் சிரிக்கக் கூட்டிப்போனதாம். ஊற்றுக்குப் பக்கத்தில் எந்த வீட்டில் என்ன கல்யாணம், மாப்பிள்ளை எங்கே ஓடி ஒளிந்தான் என்றெல்லாம் சொன்னதாம். அடுத்த பயணம் எப்போது என்று ஆட்கள் கேட்கிறார்கள். நீ பேருந்தில் ஏற வேண்டாம், பெயிண்ட் அடித்தவனுக்கும் நான் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் செவ்வாய்க்கிழமை கட்டுரை வர வேண்டும். போய் அந்த அம்மாவிடம் பேசு.

அம்மி மறுபடி ஓடத் தொடங்கியது.

ஒன்றல்ல, இரண்டு

மறுநாள் அதுவரை சேர்த்து வைத்திருந்ததில் பாதியை ஒரு கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனேன். மாக் லெச்சுமி படியிலேயே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றேன். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

தையல்கடைக்காரர் நேற்றே இதழைக் கொண்டுவந்து முழுவதையும் மலாயில் படித்துச் சொல்லிவிட்டாராம்.

"ஒரு தடவை வாந்தி எடுத்ததா எழுதியிருக்க. ரெண்டு தடவை."

மலாயில்தான் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கைக்குட்டையை நீட்டினேன். வேண்டாம் என்பார், இரண்டு மூன்று தடவை வற்புறுத்த வேண்டும் என்று நினைத்தேன். அவர் உடனே வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். இனி வாராவாரம் இரண்டரை என்றார். அதோடு, தன் பெயர் வர வேண்டும் என்றார். பணம் வேறு, பெயர் வேறு.

இதழின் ஆசிரியர் லேசில் சம்மதிக்கவில்லை. கால் பக்கத்தில் இரண்டு பெயருக்கு இடமேது என்று எழுதினார். கால் பக்கம் என்னுடைய காசு என்று முதலாளி பதில் போட்டார். எழுதிக் கொடுத்தது அப்பா.

அதன் பிறகு அந்தப் பகுதி ஒன்றரை வருடத்துக்கு மேல் வந்தது. கொடி மாறியது, தபால்தலை மாறியது, ஐந்து வெள்ளி மட்டும் மாறவில்லை. கிராணி வேறிடத்தில் கல்யாணம் செய்துகொண்டார். மாக் லெச்சுமிதான் பெண்ணுக்கு அலங்காரம். பெண் லட்சணம் என்று வந்து சொன்னார், நான் கேட்காமலே. நான் இரண்டாம் தடவை எழுதிப் பரீட்சையில் தேறினேன்.

இரண்டு பெயரும் சேர்ந்து முதன்முதலாக வந்த இதழை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. இதில் எது நான் என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். எது நீ என்றார். அதையும் காட்டினேன். இரண்டையும் மாறி மாறி உற்றுப் பார்த்து, தன் எழுத்து சிறியதாக இல்லை என்று உறுதிசெய்துகொண்டார்.

பிறகு தையல் கத்தரிக்கோலை எடுத்தார். தன் பெயரை மட்டும், ஓர் ஓரமும் பிசகாமல், நகத்தளவுக்கு வெட்டி எடுத்துக்கொண்டு, ஓட்டை விழுந்த பக்கத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். முழுப் பக்கத்தையும் வைத்துக்கொள்ளலாமே என்றேன்.

"எதுக்கு? மிச்சமெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதானே."